"வண்டிதான் ஓடுதே" என்று ஓட்டினால் என்ஜின் காலி! கார் முன்கூட்டியே காட்டும் எச்சரிக்கைகள்

சென்னை,

கத்திரி வெயில் காலத்தில் கத்திப்பாரா, பாடி, கோயம்பேடு பக்கம் போனால் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். சாலை ஓரத்தில் ஒரு கார் நிற்கும். பானெட் திறந்திருக்கும். உள்ளே இருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பும். டிரைவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு இருப்பார்.

அந்த கார் திடீரென்று அப்படி ஆகிவிடவில்லை. பல நாட்களுக்கு முன்பே அது சொல்லிவிட்டது. கேட்கத்தான் ஆள் இல்லை.

என்ஜின் பெரிய செலவு வைப்பதற்கு முன்பு சின்ன செலவு ஒன்றைத்தான் கேட்கும். ஒரு ரப்பர் ஓஸ், ஒரு பேன் ரிலே, அரை லிட்டர் ஆயில். அதை அப்போதே கவனித்தால் சில நூறு ரூபாயில், மிஞ்சினால் சில ஆயிரத்தில் முடிந்துவிடும். "வண்டிதான் ஓடுதே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டால் என்ஜினையே இறக்கிப் பிரிக்க வேண்டியது வரும். சொந்தமாக கால் டாக்சி ஓட்டுபவருக்கு இது இரட்டை அடி. வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களில் வருமானமும் கிடையாது, மாதத் தவணையும் நிற்காது.

2 சிவப்பு விளக்குகள்

ஸ்டீரிங்குக்கு எதிரே எத்தனையோ விளக்குகள் இருந்தாலும் என்ஜினைப் பொறுத்தவரை 2 சிவப்பு விளக்குகள்தான் உயிர் காக்கும் விளக்குகள்.

ஒன்று, தண்ணீரில் நிற்கும் தெர்மாமீட்டர் போன்ற படம். இது என்ஜின் சூடு. இன்னொன்று, மூக்கு நீண்ட எண்ணெய்க் கெண்டி போன்ற படம். இது ஆயில் பிரஷர். இந்த இரண்டில் எது சிவப்பாக எரிந்தாலும் அர்த்தம் ஒன்றுதான். உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்த வேண்டும்.

சில சிறிய கார்களில் சூடு காட்டும் முள்ளே இப்போது கிடையாது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், அளவுக்கு மீறி சூடானால் சிவப்பு விளக்கும் எரியும். நடுவில் எதுவும் தெரியாது. அதனால் சிவப்பு வந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடையாது.

மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு எரிந்தால் அவ்வளவு பதற வேண்டாம். விடாமல் எரிந்தால் ஓரிரு நாளில் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம். ஆனால் அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் என்ஜின் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று பொருள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலை கொஞ்சநஞ்சம் இல்லை. ஆகவே மின்னும் விளக்கோடு நீண்ட தூரம் ஓட்டக்கூடாது.

கடைசி 2 கிலோ மீட்டர்

என்ஜின் ஹீட் ஆனதும் மெக்கானிக்குக்கு போன் போடும் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"அண்ணே, வீடு பக்கத்துலதான். ரெண்டு கிலோ மீட்டர். மெதுவா ஓட்டிட்டு வந்துடவா?"

"வேணாம் சார். அங்கயே ஆப் பண்ணுங்க. நான் வர்றேன்."

விவரம் தெரிந்த மெக்கானிக் இப்படித்தான் சொல்வார். காரணம் இருக்கிறது.

ஓடும் என்ஜினில் தண்ணீரின் சூடு சாதாரணமாக 90 டிகிரி செல்சியசை ஒட்டி இருக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதாலும், கூலன்ட் கலந்திருப்பதாலும் 100 டிகிரியைத் தாண்டினாலும் அது கொதிக்காது. மூடி லூசாக இருந்தாலோ, தண்ணீர் குறைந்தாலோ இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பல கார்களில் என்ஜினின் கீழ்ப்பகுதி வார்ப்பு இரும்பு. மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூடானால் அலுமினியம் இரும்பைவிட சுமார் 2 மடங்கு விரியும். அளவோடு இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அளவு மீறினால் ஹெட் வளைந்துவிடும். பல என்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லி மீட்டர்தான். அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை!

ஹெட் வளைந்தால் நடுவில் இருக்கும் கேஸ்கட் போகும். தண்ணீர் ஆயிலோடு கலக்கும். ஆயில் தன் வழவழப்பை இழக்கும். பேரிங்குகள் தேயும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு என்ஜின் ஜாம் ஆகிவிடும். சிவப்பு விளக்கு எரிந்தபோதே நிறுத்தியிருந்தால் ஓஸ் மாற்றுவதோடு போயிருக்கும். "ரெண்டு கிலோ மீட்டர்தானே" என்று ஓட்டியதால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி மட்டம் எடுக்கும் நிலைமை. அதுவும் முடியாவிட்டால் புதுப்பேட்டையில் பழைய என்ஜின் தேட வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. ஏறிக்கொண்டே போன முள் திடீரென்று கீழே இறங்கினால் "அப்பாடா" என்று பெருமூச்சு விடக்கூடாது. தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போயிருந்தால் சென்சார் தண்ணீரில் நனையாமல் நிற்கும். அப்போது அது குறைவான சூட்டைக் காட்டலாம். உள்ளே என்ஜின் வெந்துகொண்டு இருக்கும்.

வழியில் ஹீட் ஆனால்...

முள் ஏறத் தொடங்கும்போதே ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுதாகத் திருப்பி வையுங்கள். சென்னையில் ஹீட்டரா என்று சிரிக்க வேண்டாம். என்ஜின் சூட்டில் ஒரு பகுதியை அது காருக்குள் இழுத்துவிடும். 4 கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை சமாளிக்கலாம். சிவப்புக்கோட்டைத் தொட்டுவிட்டால் அதுவும் கூடாது. நிறுத்திவிட வேண்டும்.

நிறுத்தியதும் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே கூடாது. துணி வைத்துத் திறந்தாலும் கொதிக்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்து முகம், கை வெந்துவிடும். குறைந்தது அரை மணி நேரம், தேவைப்பட்டால் அதற்கு மேலும் ஆறட்டும்.

சூடாக இருக்கும் என்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதும் தப்பு. சூட்டில் விரிந்த அலுமினியம் சட்டென்று சுருங்கி விரிசல் விடலாம். நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்ற ஊற்றக் கீழே ஒழுகினால் ஸ்டார்ட் செய்யாமல் டோ வண்டியைக் கூப்பிடுவதே லாபம்.

எப்போ ஹீட் ஆகுது?

மெக்கானிக்கிடம் "ஹீட் ஆகுது" என்று மட்டும் சொன்னால் போதாது. எப்போது ஹீட் ஆகிறது என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

* சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் ரேடியேட்டர் பேன், அதன் பியூஸ், ரிலே ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். வண்டி ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது பேன் சுற்றினால்தான் காற்று.

* ஊருக்குள் ஒன்றும் இல்லாமல், ஜி.எஸ்.டி. ரோட்டில் வேகம் பிடித்தாலோ ஏலகிரி மலை ஏறினாலோ சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் மேல் சந்தேகம்.

* ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே முள் சரசரவென ஏறினால் தண்ணீர் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்.

பேன் வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. என்ஜின் ஓடும்போது ஏ.சி. போட்டால் பெரும்பாலான கார்களில் முன்பக்க பேன் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் கவனிக்க வேண்டும். கையை மட்டும் பேன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அது எப்போது வேண்டுமானாலும் சுற்றும்.

போர் தண்ணி ஊத்தாதீங்க

குளியலறையில் வாட்டர் ஹீட்டர் காயில் எப்படி வெள்ளையாக உப்புப் பூத்துப்போகிறது என்பதை சென்னைவாசிகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை. அதே போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அங்கும் அதேதான் நடக்கும். ரேடியேட்டரின் குழாய்கள் மிகவும் குறுகலானவை. உப்பு படிந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிறைய இருந்தும் சூடு இறங்காது.

அவசரத்துக்கு எந்தத் தண்ணீரையும் ஊற்றி வீடு சேரலாம். ஆனால் அடுத்த சில நாளில் அதை வடித்துவிட்டு கூலன்ட் மாற்ற வேண்டும். கூலன்டோடு கலப்பதற்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. கூலன்ட் என்பது வெறும் கலர் தண்ணீர் இல்லை. கொதிநிலையை உயர்த்துவதோடு துருப்பிடிக்காமலும் அதுதான் காக்கிறது. பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து ஒன்றோடு ஒன்று கலக்காமல், காரோடு வந்த புத்தகத்தில் சொல்லியிருக்கும் வகையையே ஊற்ற வேண்டும்.

கூலன்ட் டப்பாவில் மாதாமாதம் அளவு குறைந்துகொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. தரையில் ஈரம் இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. என்ஜினுக்கு உள்ளேயே ஒழுகலாம்.

ஆயில் விளக்கை நம்பி இருக்காதீங்க

ஆயில் குறைந்தால் விளக்கு எரியும் என்று பலரும் நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த சிவப்பு விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. அது எரியும்போது பேரிங்குகளுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். அதன் பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இரும்போடு இரும்பு உரசும்.

பிரேக் அடிக்கும்போதோ வளைவில் திரும்பும்போதோ அந்த விளக்கு ஒரு நொடி மின்னி மறைந்தால் ஆயில் அபாயமான அளவுக்குக் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அளவு பார்ப்பது சுலபம். சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினை ஆப் செய்து 5 நிமிடம் கழித்து அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். 2 கோடுகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும். பல கார்களில் அந்த 2 கோடுகளுக்கும் இடையே சுமார் 1 லிட்டர் வித்தியாசம். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் நல்லதல்ல.

ஆயில் கருப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். ஆனால் பால் கலந்த காபி நிறத்தில் நுரை மாதிரி இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை அதற்கு மேல் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

புகை என்ன நிறம்?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் லேசாக வெள்ளைப் புகை வந்து, கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் அது வெறும் நீராவி. கவலை வேண்டாம்.

வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து, இனிப்பான வாசனை அடித்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. நீலப் புகை வந்தால் வண்டி ஆயில் குடிக்கிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். டர்போ உள்ள வண்டி என்றால் டர்போவையும் பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. ஏர் பில்டர் அடைப்பாகவோ, இன்ஜெக்டர் கோளாறாகவோ இருக்கலாம்.

சத்தத்துக்கும் இதே கதைதான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நொடி 'டக் டக்' என்று கேட்டு நின்றால் ஆயில் மேலே ஏறும்வரை வரும் சத்தமாக இருக்கலாம். சூடான பிறகு ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க அடியில் இருந்து 'டங் டங்' என்று இடித்தால் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். பாட்டை சத்தமாக வைத்து அதை மறைத்துவிட்டால் சத்தம் போகாது. ராடுதான் போகும்.

சத்தமே போடாத பெல்ட்

எச்சரிக்கையே கொடுக்காமல் கழுத்தறுப்பது ஒன்று உண்டு. அது டைமிங் பெல்ட்.

என்ஜின் நிமிடத்துக்கு 3 ஆயிரம் முறை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். பிஸ்டன் மேலே வரும் நேரமும் வால்வு மூடும் நேரமும் தப்பாமல் பார்த்துக்கொள்வது இந்த ரப்பர் பெல்ட்தான். அது அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து, திறந்து நிற்கும் வால்வுகளை மோதி வளைத்துவிடும்.

எல்லா கார்களிலும் பெல்ட் கிடையாது. பல கார்களில் இரும்புச் செயின் இருக்கிறது. உங்கள் காரில் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் புத்தகத்தில் சொல்லியுள்ள கிலோ மீட்டரிலோ, வருடக் கணக்கிலோ எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். வண்டி கம்மியாகத்தான் ஓடுது என்ற சமாதானம் இதற்குச் செல்லாது. ஓடாமல் நின்றாலும் ரப்பர் பழசாகும். பழைய கார் வாங்குபவர்கள் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேட்டு வாங்குவது நல்லது. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

தண்ணியில நின்னா செல்ப் அடிக்காதீங்க

வெயில் போனால் மழை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் மூழ்கின. பட்ட பாடு மறக்காத மக்கள், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். என்ஜினைப் பொறுத்தவரை அது புத்திசாலித்தனமான வேலை.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. என்ஜின் காற்று இழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி நிற்கும். கனெக்டிங் ராடு வளையும். சில நேரம் உடைந்து என்ஜின் பக்கவாட்டில் ஓட்டையே போட்டுவிடும்.

தண்ணீரில் வண்டி அணைந்து நின்றுவிட்டால் மறுபடி செல்ப் அடிக்காமல் இருப்பதுதான் முக்கியம். அணைந்த நேரத்தில் சேதம் இல்லாமல் இருக்கலாம். செல்ப் அடித்ததும் வந்துவிடும். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், ஏர் பில்டரைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். டீசல் வண்டியை டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவதே நல்லது.

இன்சூரன்ஸ் விஷயத்திலும் இது முக்கியம். முழு இன்சூரன்ஸ் போட்டிருந்தாலும், தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் வந்த என்ஜின் சேதத்துக்கு சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கஷ்டம். அதற்கு 'என்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பை தனியாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பகுதிகளில் குடியிருப்பவர்கள் பாலிசி புதுப்பிக்கும்போது இது இருக்கிறதா, அதில் என்னென்ன நிபந்தனைகள் என்று பார்ப்பது நல்லது.

என்ஜினை இறக்கணும்னு சொன்னால்...

ஒர்க்‌ஷாப்பில் "என்ஜினை இறக்கணும் சார்" என்று சொன்னதும் தலையாட்டிவிடக் கூடாது. பிரிக்காமலேயே செய்யும் சோதனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் நிற்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட், தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட், ஸ்கேனர் சோதனை ஆகியவை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பி.எஸ்.-6 கார்களில் ஸ்கேனர் மாட்டும் இணைப்பு இருக்கிறது. அதற்கு முந்தைய பல கார்களிலும் உண்டு.

சோதனையில் என்ன அளவு வந்தது என்று எழுதி வாங்குங்கள். செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பெரிய வேலை என்றால் இன்னொரு மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

வாரம் 5 நிமிடம்

ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது இவற்றைப் பார்த்தால் போதும்.

* ஆயில் கம்பியில் அளவும் நிறமும்

* கூலன்ட் டப்பாவில் அளவு

* இரவு முழுக்க நின்ற இடத்தில் தரையில் ஆயில், தண்ணீர் சொட்டு

* ரப்பர் ஓஸ்களில் வீக்கம், விரிசல், வெள்ளைப் படிவு

* சாவி போட்டதும் ஆயில் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்பது

கடைசியில் சொன்னதைப் பழைய கார் வாங்குபவர்கள் மறக்கவே கூடாது. சாவி போட்டதும் அந்த விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம். கோளாறை மறைக்க யாராவது ஒயரைக் கழற்றியும் இருக்கலாம். அதேபோல, கார் பார்க்கப் போகும்போது என்ஜின் ஏற்கனவே சூடாக இருந்தால், "நாளைக்கு காலைல வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். புகையும் சத்தமும் குளிர்ந்த என்ஜினில்தான் உண்மையைச் சொல்லும்.